பல்ஸ் ரைஃபிள் ரெப்ளிக்கா: ட்ரிகரை அழுத்தினா கவுண்ட்டர் மறுபடியும் 95-க்கே போகுது, யாராவது சொல்லுங்க

ஆளூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 'ஏலியன்ஸ்' (1986) படத்துல வர்ற எம்41ஏ பல்ஸ் ரைஃபிளுக்கு ஒரு ரெப்ளிக்கா நாகர்கோவில்ல பண்ணிட்டிருக்கோம். டிசம்பர்ல காலேஜ் கலைவிழா நாடகத்துக்கு வேணும். அதே குழு பிறகு ஒரு குறும்படமும் எடுக்குது. இது எதையும் சுடாது, குண்டு, கேஸ், பொட்டு வெடி எதுவுமே கிடையாது. ட்ரிகரை அழுத்தினா சத்தம், முனையில வெளிச்சம், தோள்ல ஒரு இடி, பக்கவாட்டு டிஸ்ப்ளேல 95-லேர்ந்து எண் குறையணும். அவ்வளவுதான் வேலை.

இப்ப உள்ளே இருக்கிறது:
ஆர்டுயினோ நானோ (நிரல் ஓடுற சின்ன கன்ட்ரோலர் போர்டு), டிஎஃப் பிளேயர் மினி (மெமரி கார்டுலேர்ந்து சத்தம் வாசிக்கிற போர்டு), 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர், ரெண்டு இலக்க 7-செக்மென்ட் டிஸ்ப்ளே (மல்டிபிளெக்ஸ் முறை), 12 வோல்ட் புஷ்-புல் சோலனாய்டு (கரன்ட் போனா உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கிற காயில், மீட்டர்ல 6 ஓம் காட்டுது), முனையில 3 வாட் வெள்ளை எல்இடி. சக்திக்கு ஒரே ஒரு 18650 லித்தியம் செல். சார்ஜுக்கு டிபி4056, அதுலேர்ந்து எம்டி3608 வச்சு 12 வோல்ட்டுக்கு ஏத்தி, அங்கிருந்து 7805 போட்டு 5 வோல்ட்.

சோலனாய்டைக் கழட்டிட்டா எல்லாம் ஒழுங்கா ஓடுது. அதை மாட்டி ட்ரிகரைத் தொட்டதும் ஸ்பீக்கர் 'டொக்'னு ஒரு சத்தம், டிஸ்ப்ளே அணைஞ்சு திரும்ப 95. 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டும் மாறல. நானோவையும் மாத்திப் பாத்தாச்சு.

கூடவே ரெண்டு கேள்வி. நாடகத்துல கீழே விழுந்து புரள்ற காட்சிக்கு ரெண்டு டம்மி வேணும், எதுல பண்ணலாம்? வெளிக்கூடு பிஎல்ஏ பிளாஸ்டிக்குல 3டி பிரிண்ட் பண்ணது, நவம்பர் மழையில பெயின்ட் அடிக்கலாமா?

---

சோல்டர்மணம் எழுதியது:

தம்பி, நானோ மேல குத்தம் இல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்க, காரணம் தானா வெளிய வரும்.

12 வோல்ட்டை 6 ஓம்ல வகுத்தா 2 ஆம்பியர், அதாவது 24 வாட். இந்த 24 வாட்டை 3.7 வோல்ட் செல்லுலேர்ந்து எடுக்கணும். பூஸ்ட் கன்வர்ட்டர் (வோல்ட்டேஜை ஏத்துற அந்த எம்டி3608) 85 சதவீதம் திறமையா ஓடுதுன்னே வச்சுக்குவோம், அப்பவும் செல் பக்கம் ஏறத்தாழ 7.6 ஆம்பியர் இழுக்கும். எம்டி3608-ன் உள் சுவிட்சோட வரம்பே 4 ஆம்பியர்தான். டிபி4056 போர்டுல பாதுகாப்பு சிப் இருந்தா அது 3 ஆம்பியர் பக்கத்துலயே கதவை மூடிடும். ஆக ட்ரிகரை அழுத்தின அந்த நொடி 12 வோல்ட் சரிஞ்சு, 7805-க்குப் போற வோல்ட்டேஜ் விழுந்து, நானோவோட 5 வோல்ட் 2.7-க்குக் கீழே போனதும் பிரவுன்-அவுட் ரீசெட் ஆகுது (வோல்ட்டேஜ் பத்தாம தானா மறுபடி தொடங்குது). ஸ்பீக்கர்ல வர்ற 'டொக்' டிஎஃப் பிளேயர் செத்துப் பிழைக்கிற சத்தம். 1000 மைக்ரோஃபாரட் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. 2 ஆம்பியரை 30 மில்லி விநாடி அது ஒண்டியா தாங்கணும்னா கணக்குப்படி 60 வோல்ட் இறங்கணும், அப்படின்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

செய்ய வேண்டியது:

செல் மூணை சீரியஸ்ல போடுங்க (3எஸ்). நிறைஞ்சா 12.6, நடுவுல 11.1 வோல்ட். சோலனாய்டு நேரா பேட்டரியிலேர்ந்து ஓடட்டும், நடுவுல பூஸ்ட் எதுவும் வேண்டாம். 5 வோல்ட்டுக்கு எல்எம்2596 மாதிரி ஒரு பக் மாட்யூல் (வோல்ட்டேஜை இறக்கிற போர்டு). 7805-ஐத் தூக்கிருங்க: 12-லேர்ந்து 5-க்கு இறக்கும்போது 300 மில்லி ஆம்பியருக்கே 2.1 வாட் சூடு. பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்துல இளகும், அந்த ஐசி உக்காந்திருக்கிற தூண்தான் முதல்ல சாயும்.

பக் மாட்யூலுக்கு உள்ளே போற பிளஸ் வயர்ல ஒரு ஷாட்கி டயோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும், 1என்5822 போதும்), அதுக்குப் பின்னாடி அந்த 1000 மைக்ரோஃபாரட். பேட்டரி ஒரு கணம் தாழ்ந்தாலும் கெபாசிட்டர்ல இருக்கிறது சோலனாய்டு பக்கம் திரும்பி ஓடாது, நானோவுக்கு மட்டும் போகும். கெபாசிட்டருக்கு இங்கதான் வேலை, முன்னாடி நீங்க போட்ட இடத்துல இல்ல.

கிரவுண்டு வயர்: சோலனாய்டு, முனை எல்இடி, பக் மாட்யூல் மூணோட மைனஸும் தனித்தனியா பேட்டரி மைனஸுக்கு வரணும். சோலனாய்டு கரன்ட்டை நானோவோட ஜிஎன்டி பின் வழியா திருப்பிவிட்டா எத்தனை பேட்டரி போட்டாலும் கவுண்ட்டர் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஓடும்.

சோலனாய்டை ஆன்-ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் சுவிட்ச், அதான் மாஸ்ஃபெட், என்ன போட்டிருக்கீங்கன்னு எழுதல. கடையில ஐஆர்எல்இசட்44என் கேட்டா பல இடத்துல ஐஆர்எஃப்இசட்44என் எடுத்துத் தருவாங்க, 'ரெண்டும் ஒண்ணுதான்'னு வேற சொல்வாங்க. ஒண்ணு இல்ல. ரெண்டாவதுக்கு கேட்ல (அதைத் திறக்கிற கால்ல) 10 வோல்ட் வேணும். நானோ குடுக்கிற 5 வோல்ட்ல அரைகுறையா திறந்து சூடாகும், சோலனாய்டுக்கும் முழு பலம் போகாது. கேட்டுக்கு முன்னாடி 220 ஓம், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10கே. இந்த 10கே இல்லாம விட்டா நானோ பூட் ஆகிற நேரத்துல சோலனாய்டு தானா உதைக்கும்.

சார்ஜ் விஷயம்: டிபி4056 ஒரு செல்லுக்கு மட்டும். மூணுக்கு 3எஸ் பிஎம்எஸ் (செல்களைக் காவல் காக்கிற) போர்டும் 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜரும் வேணும். வீட்டுல கிடக்கிற 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரை மாட்டாதீங்க. பிஎம்எஸ் வாங்கும்போது பேலன்ஸ் (மூணு செல்லையும் ஒரே அளவுக்கு நிரப்புறது) உள்ளதான்னு கேட்டு வாங்குங்க, விலை குறைஞ்சதுல பாதி வெறும் பாதுகாப்பு மட்டும்தான். மூணு செல்லும் ஒரே மாதிரி, புதுசா இருக்கட்டும். மேல 9900 எம்ஏஎச்-னு அச்சடிச்ச 18650 கண்டா திரும்பிப் பாக்காம வந்திருங்க, ஒழுங்கான செல் 2500-லேர்ந்து 3500-க்குள்ள இருக்கும். பேட்டரி பிளஸ்ல 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம், கையில பிடிக்கிற பொருள் இது.

---

ஷட்டர்50 எழுதியது:

குறும்படமும் உண்டு என்பதால் கேமரா பக்கத்திலிருந்து சில மாற்றங்கள். பிறகு செய்தால் போர்டையே பிரிக்க வேண்டிவரும், இப்போதே செய்துவிடுங்கள்.

மல்டிபிளெக்ஸ் டிஸ்ப்ளேயை மாற்றுங்கள். அதில் ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் ஒரு பாதி மங்கியோ முற்றிலும் இல்லாமலோ பதியும். இன்னொரு தொல்லையும் உண்டு: டிஎஃப் பிளேயருக்குக் கட்டளை அனுப்பும் சாஃப்ட்வேர்சீரியல் என்ற நிரல் பகுதி, பைட் ஒவ்வொன்றும் போகும்வரை இன்ட்டரப்ட்டை (நடுவில் புகுந்து செய்யும் மற்ற வேலைகளை) நிறுத்திவைக்கும். 9600 வேகத்தில் பத்து பைட் கட்டளைக்குச் சுமார் 10 மில்லி விநாடி. அந்த நேரம் டிஸ்ப்ளே சிமிட்டும். 74எச்சி595 ஐசி (சில வயர்களிலேயே பல எல்இடியை ஓட்டுவது) இரண்டை அடுத்தடுத்து இணைத்து, இலக்கத்துக்கு ஒன்று என்று நேராக ஓட்டுங்கள். சிவப்பு செக்மென்டுக்கு 2 வோல்ட் போக 3 வோல்ட் மிச்சம். 390 ஓம் போட்டால் செக்மென்டுக்கு 7.7 மில்லி ஆம்பியர், '8' எரியும்போது ஏழுக்கும் சேர்த்து 54. அந்த ஐசியின் மொத்த வரம்பு 70 என்பதால் இதற்கு மேல் இழுக்க வேண்டாம். செக்மென்ட் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர், ஆக 14. பொது முனையில் ஒரே ரெசிஸ்டர் போட்டால் '1' பளிச்சென்றும் '8' மங்கலாகவும் எரியும்.

அடுத்தது வேகம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் காட்சி துடிக்காது. அப்போது ஒவ்வொரு 40 மில்லி விநாடியிலும் ஷட்டர் 20 திறந்திருக்கும், 20 மூடியிருக்கும். 20-க்குக் குறைந்த ஃபிளாஷ் அந்த மூடிய நேரத்துக்குள் முழுசாக விழுந்துவிட்டால் படத்தில் இருக்கவே இருக்காது. துப்பாக்கி அதிரும், முனை இருட்டாக இருக்கும். 60 மில்லி விநாடி எரிந்தால் எங்கே ஆரம்பித்தாலும் குறைந்தது ஒரு திறப்பு முழுசாகக் கிடைக்கும். அதனால் ஒரு சுற்றுக்கு 120 மில்லி விநாடி வையுங்கள், சரியாக மூன்று ஃபிரேம். மொபைலில் எடுத்தால் ரோலிங் ஷட்டரால் ஒன்றிரண்டு ஃபிரேமில் பாதி வெளிச்சம் வரத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக நிரல், மில்லி விநாடியில்: 0-வில் சோலனாய்டு ஆன், எல்இடி ஆன், எண் ஒன்று குறையும். 30-ல் சோலனாய்டு ஆஃப். 60-ல் எல்இடி ஆஃப். 120-ல் மறுபடி முதலிலிருந்து. எல்லாம் மில்லிஸ் (ஓடும் நேரத்தைச் சொல்லும் கட்டளை) கணக்கில். எங்கேயும் டிலே (நிரலையே நிறுத்திவைக்கும் கட்டளை) வேண்டாம், போட்டால் ட்ரிகரை விட்டது நிரலுக்குத் தெரியாது.

முனைக்கு ஒரு எல்இடி போதாது. 3 வாட் எல்இடி மூன்றை சீரியஸில் போட்டு, ஒரு 4.7 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், தனி மாஸ்ஃபெட். மூன்றுக்கும் சேர்த்து 9.6 வோல்ட் போக, பேட்டரி நிறைந்திருக்கும்போது 0.64 ஆம்பியர் வரும், 11.1 வோல்ட்டுக்கு இறங்கும்போது பாதியாகக் குறையும். ஒற்றை எல்இடியை 12 வோல்ட்டில் ஓட்டினால் ரெசிஸ்டரே 6 வாட் சூடாகும். மேலே ஆரஞ்சு ஜெலட்டின் காகிதம். பின்னால் அலுமினியத் தகட்டில் ஒட்டுங்கள். யார் கண்ணுக்கும் நேரே, கை எட்டும் தூரத்தில் காட்ட வேண்டாம். ஒத்திகையில் எல்இடி வயரைக் கழற்றிவிடலாம்.

சத்தம்: டிஎஃப் பிளேயர் ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் வாசிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'வாசி' என்று கட்டளை கொடுத்தால் முந்தைய சத்தம் பாதியில் அறுந்து, தையல் மெஷின் ஓடுவது போல் கேட்கும். அதற்குப் பதில் 95 சுற்றையும் ஒரே கோப்பாக ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அடுக்குங்கள். 95 பெருக்கல் 0.12, மொத்தம் 11.4 விநாடி. ட்ரிகரை அழுத்தினால் அது ஓடும், விட்டால் நிறுத்திவிட்டு 'வால்' சத்தம் உள்ள இரண்டாவது கோப்பு. எண் பூஜ்யமானால் மூன்றாவது, வெறும் கிளிக். கோப்புகள் டபிள்யூஏவி ஆக இருக்கட்டும். எம்பி3-யில் என்கோடர் முன்னால் ஒரு மௌனத்தைச் சேர்த்துவிடும். எம்பி3 என்ற பெயரில் ஃபோல்டர், உள்ளே 0001, 0002, 0003 என்று பெயர், ஃபோல்டரைச் சொல்லி வாசிக்கும் கட்டளை. வெறும் எண்ணைச் சொல்லி வாசிக்கச் சொன்னால் எந்த வரிசையில் கார்டில் ஏற்றினீர்களோ அந்த வரிசைதான் வரும்.

டிஎஃப் பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும் பின்) முன் 1கே ரெசிஸ்டர். பவர் வந்து கார்டை வாசிக்க அதற்கு இரண்டு விநாடி ஆகலாம், அதற்குள் அனுப்பும் கட்டளை காற்றோடு போகும். குளோன் (நகல்) போர்டு பதில் சொல்லாமல் நின்றால், பிகின் கட்டளையில் ஏசிகே, ரீசெட் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கிப் பாருங்கள்.

---

ஆளூர்க்காரன் எழுதியது:

சோல்டர்மணம் அண்ணே, ஷட்டர்50 அண்ணே, ரொம்ப நன்றி. 3எஸ்-க்கு மாத்தியாச்சு, கிரவுண்டையும் பிரிச்சாச்சு. ரீசெட் போயிடுச்சு, ட்ரிகர் பிடிச்சபடியே 95-லேர்ந்து 0 வரை எண் ஒழுங்கா இறங்குது. மாஸ்ஃபெட் நீங்க சொன்ன மாதிரியே ஐஆர்எஃப்இசட்தான் இருந்தது, அதையும் மாத்திட்டேன்.

இப்ப புது வில்லங்கம். ஒத்தைச் சுற்றுல இடி தெரியுது. தொடர்ந்து அழுத்தினா முதல் ரெண்டு அடிக்கு அப்புறம் சோலனாய்டு உள்ளேயே ஒட்டிக்கிட்ட மாதிரி வெறும் அதிர்வுதான் வருது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கு. பிளஞ்சர்ல (உள்ளே ஓடுற தண்டுல) எடை எதுவும் கட்டல.

---

சோல்டர்மணம் எழுதியது:

அந்த 1என்4007தான் பிடிச்சு வைக்குது. மாஸ்ஃபெட் அணைஞ்சதும் காயில்ல இருக்கிற கரன்ட் டயோடு வழியா சுத்திச் சுத்தி மெதுவா சாகும், சாகிற வரைக்கும் காந்தம் விடாது. ரிலே மாதிரி வேலைக்கு இது பரவாயில்ல, உங்களுக்கு 90 மில்லி விநாடியில பிளஞ்சர் திரும்பி வந்து நிக்கணும். டயோடோட ஒரு 24 வோல்ட் ஜீனரை (அந்த வோல்ட்டேஜைத் தாண்டினாத்தான் எதிர்ப்பக்கம் கரன்ட் விடுற டயோடு) எதிர்முகமா சீரியஸ்ல போடுங்க, 5 வாட் ஜீனர். காயில் கரன்ட் 24 வோல்ட்டை எதிர்த்து ஓடணும், அதனால சட்டுனு அடங்கும். மாஸ்ஃபெட் மேல வர்றது 12.6-ம் 24-ம் டயோடு 0.7-ம் சேர்ந்து 37 வோல்ட் சுமார். ஐஆர்எல்இசட்44என் 55 தாங்கும். டயோடையே கழட்டிப் போடலாமேன்னு தோணும், வேண்டாம், மாஸ்ஃபெட் அன்னிக்கே போயிரும்.

ஸ்பிரிங்கும் பாருங்க. இந்த மாதிரி சோலனாய்டோட வர்ற ஸ்பிரிங் ரொம்ப மென்மை, நீங்க எடை கட்டினா அதைத் தள்ளாது.

இடி தோள்ல தெரியணும்னா எடை வேணும். பிளஞ்சர் மட்டும் 30, 40 கிராம் இருக்கும், அது அடிக்கிறது விரல்ல சுண்டின மாதிரிதான். 80-லேர்ந்து 100 கிராம் இரும்பு அல்லது பித்தளை உருளையை அதுல மாட்டுங்க. அது பின்பக்கம் ஓடி ஒரு தட்டுல மோதணும், அந்த மோதல்தான் தோளுக்கு வர்ற இடி. ஓட்டம் 10 மில்லிமீட்டர் குடுத்திருந்தாலும் 6-க்கு மேல விடாதீங்க. இடைவெளி கூடக் கூட சோலனாய்டோட இழுப்பு படு வேகமா குறையும், பெட்டியில போட்டிருக்கிற நியூட்டன் கணக்கெல்லாம் கடைசி மில்லிமீட்டருக்குத்தான். மோதுற தட்டுல 2 மில்லி ரப்பர் ஷீட் ஒட்டினா இரும்புச் சத்தம் குறையும். தடிமனா ஒட்டிராதீங்க, இடியையும் அது முழுங்கிரும்.

இதைவிட முக்கியம், சோலனாய்டும் அந்தத் தட்டும் எதுல உக்காருது? பிரிண்ட் சுவர்ல திருகினா லேயர் லேயரா பிளந்துக்கும். முக்கால் இஞ்ச் அலுமினிய சதுரக் குழாய் ஒண்ணு முன்பிடியிலேர்ந்து தோள்கட்டை வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஓடட்டும். சோலனாய்டு, தட்டு, பேட்டரிப் பெட்டி, பிடி எல்லாம் அந்தக் குழாயில எம்4 போல்ட், நைலாக் நட் (அதிர்வுல கழலாதது) போட்டு நிக்கணும். பிரிண்ட் அதுக்கு மேல போட்ட சட்டைதான். பிரிண்ட்டுக்குள்ள சூடு வச்சு இறக்கற பித்தளை இன்சர்ட் மூடிக்கு ஓகே, அடி வாங்குற இடத்துக்கு வேண்டாம்.

மேகசின் கழட்டினா 95-க்குத் திரும்பணும்னு அடுத்து கேப்பீங்க. ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்ட வந்தா மூடிக்கிறது), காந்தம்னு போகாதீங்க, பக்கத்துல சோலனாய்டு இருக்கு, அதோட காந்தமே ரீட்டை மூடிரும். லீவர் வச்ச மைக்ரோ சுவிட்ச் போதும்.

அப்புறம் உங்க ஊர் உப்புக்காத்து. ட்யூபான்ட் வயர் (சோல்டர் இல்லாம செருகுறது) எதுவும் உள்ள இருக்கக் கூடாது, ரெண்டு மாசத்துல பச்சை பிடிச்சு விட்டு விட்டு வேலை செய்யும். நேரா சோல்டர் பண்ணுங்க, கழட்டற இடத்துக்கு ஜேஎஸ்டி கனெக்டர். சோதிச்சு முடிச்சப்புறம் போர்டுக்கு பிசிபி வார்னிஷ், கார்டு ஸ்லாட்லயும் சுவிட்ச்சுலயும் படாம. திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

---

கொடையாறு எழுதியது:

மக்கா, டம்மி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலியே, நான் சொல்லுதேன்.

உருண்டு புரள்ற சீனுக்கு ஃபைபர் வேண்டாம். குளச்சல், சின்னமுட்டம் பக்கம் வள்ளம் கட்டுற யார்டு இருக்கதால ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் ஈசியா கெடைக்கும், அதுக்காக அதுல பண்ணிராத. உடைஞ்சா ஓரம் பிளேடு, மேல விழுந்த பையன் விலாவுல ஏறிரும். நம்ம ஜில்லாவுல ரப்பர் பால் கெடைக்கும்போது வேற எதுக்குப் போணும்?

ஆனா தோட்டத்துல வெட்டுன பாலை அப்படியே வாங்கிட்டு வராத. அதுல ரப்பர் மூணுல ஒரு பங்குதான், மிச்சம் தண்ணி, அமோனியா ஊத்தலேன்னா அன்னைக்கே திரிஞ்சிரும். செண்ட்ரிஃபியூஜ் பண்ணுன (சுழற்றித் தண்ணியைக் குறைச்ச) 60 சதவீத லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால், வேணும். அதுலயும் முன்கூட்டியே வல்கனைஸ் பண்ணுனதா (கந்தகம் சேத்து இறுகவச்சதா) கேளு. வெறும் பாலை ஊத்துனா காஞ்ச பிறகும் பிசுபிசுன்னு இருக்கும், இழுத்தா பழைய நிலைக்கு வராது. அமோனியா வாடை கடுமை, ஜன்னலைத் திறந்துவச்சிட்டு வேலை பாரு.

அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு பாதி. உன் பிரிண்ட்டையே மாஸ்டரா (அச்சு எடுக்கிற மூலமா) வை, டிஸ்ப்ளே குழி, ரெயில் பள்ளம், ட்ரிகர் ஓட்டை எல்லாம் களிமண் வச்சு அடைச்சிரு, இல்லாட்டி அச்சு மாட்டிக்கிட்டு உடைச்சுத்தான் எடுக்கணும். மேல வாசலின் மெலிசா. பிளாஸ்டர் 100 பங்குக்கு தண்ணி 70, எடைக்கணக்கு. கெட்டியா கலக்குனா அச்சு பாலுல உள்ள தண்ணியைக் குடிக்காது, அதைக் குடிக்கிறதுதான் இங்க முழு சூட்சுமமே. மொத பாதி இறுகுனதும் அதோட வாயில ரெண்டு பாதியும் நகராம பொருந்த சாவித்துளை நாலு தோண்டி சோப்புத் தண்ணி நல்லா தேய்ச்சிட்டு ரெண்டாவது பாதி ஊத்து.

அச்சு நல்லா காயணும் கேட்டியா. மழைக்காலத்துல ஃபேன் போட்டாலும் வாரக்கணக்குல இழுக்கும், அதனால இதை இப்பவே தொடங்கிரு. அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்துல வச்சா பிளாஸ்டர் மாவாப் போயிரும். எடைபோட்டுப் பாரு, நாளைக்கும் இன்னைக்கும் ஒரே எடைன்னா காஞ்சிட்டு.

ரெண்டையும் கயிறுபோட்டு இறுக்கிக் கட்டி, தோள்கட்டைப் பக்கத்து ஓட்டை வழியா பாலை நிரம்புற வரை ஊத்து. பிளாஸ்டர் தண்ணியை இழுக்க இழுக்க மட்டம் இறங்கும், திரும்ப ஊத்து. ஓட்டை ஓரத்துல கத்தியால கீறிப் பாத்தா தடிமன் தெரியும். 3 மில்லி வந்ததும் மிச்சத்தைத் திருப்பி ஊத்திரு, வேஸ்ட் இல்ல. மறுநாள் உள்ளுக்குள்ள டால்கம் பவுடர் தாராளமா தூவிட்டு உரி. பவுடர் போடலேன்னா ரெண்டு சுவரும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், பிரிக்கவே முடியாது.

நடுவுல தண்ணி இழுக்கிற கறுப்பு ஓஸ் ஒரு துண்டு, சுத்தி பஞ்சு அல்லது மெத்தை ஃபோம் தூள். கனமும் வளைவும் போதும். விறைப்புக்குன்னு செம்புக் கம்பி மட்டும் வச்சிராத: செம்பு பட்டா ரப்பர் நாளடைவுல இளகி ஒட்டும். ஜிஐ கம்பியும் வேண்டாம், குத்தும்.

சாதாரண பெயின்ட் ரப்பர் மேல பாளம் பாளமா உதிரும். அதே பால் கொஞ்சம் எடுத்து அக்ரிலிக் கலர் கலந்து பிரஷ்ல ரெண்டு கோட்டு அடி. வெள்ளைப் பால் காஞ்சா நிறம் ஒரு பிடி கருத்துரும், அதுக்குத் தக்க வெளிறலா கலக்கு. முடிஞ்சா வெயில் படாத இடத்துல வை.

இன்னொண்ணு, மாஸ்டருக்கு பிளாட்டினம் சிலிக்கான் அச்சு எடுக்கற யோசனை இருந்தா ரப்பர் கையுறை போட்டு அதைத் தொடாத. லேட்டக்ஸ் பட்ட எடம் இறுகவே இறுகாது.

---

ஆளூர்க்காரன் எழுதியது:

கொடையாறு அண்ணாச்சி, ரப்பர் பால் யோசனை தோணவே இல்ல, இந்த வாரமே பிளாஸ்டர் தொடங்குறோம். ஜீனர் போட்டாச்சு, 90 கிராம் பித்தளை, 6 மில்லி ஓட்டம். இடி இப்ப தனித்தனியா விழுது. பெயின்ட் பத்தி யாராவது? அப்புறம் ஹாலுக்கு 3 வாட் சத்தம் கேக்குமா?

---

ஷட்டர்50 எழுதியது:

கேட்காது. பெரிய ஸ்பீக்கரைத் திணித்தாலும் கேட்காது. நடிகர் போட்டிருக்கும் காலர் மைக் போல இன்னொரு செட் வாங்கி, டிரான்ஸ்மிட்டரைத் தோள்கட்டைக்குள் வைத்து மைக்கை ஸ்பீக்கர் கிரில்லுக்கு ஒரு விரல் தள்ளி ஒட்டுங்கள். மிக்ஸரில் ஒரு சேனல். டிஎஃப் பிளேயர் ஒலியளவு 30-க்கு 22 வரை போதும், அதற்கு மேல் கரகரக்கும். சோலனாய்டின் இடிச்சத்தமும் மைக்கில் சேர்ந்து வரும், கேட்க அது நன்றாகவே இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கம் மூடிய சிறு டப்பா வேண்டும், திறந்து விட்டால் தாழ்ந்த ஒலியே வராது.

சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து வருகிறதா என்று மொபைலில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். சத்தம் பின்தங்கினால் எத்தனை ஃபிரேம் என்று எண்ணி, ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லி விநாடி வீதம் முதல் சுற்றின் எல்இடியையும் சோலனாய்டையும் அவ்வளவு தாமதியுங்கள்.

நிறம்: படத்தின் நீல வெளிச்சத்தில் ராணுவப் பச்சை போலத் தெரியும், பலரும் பச்சையே அடித்துவிடுவார்கள். அசல் பழுப்பு.

---

பட்டித்தாள் எழுதியது:

பெயின்ட்டுக்கு வரேன். பிரிண்ட் கோடு மறையறது பெயின்ட்டுல இல்ல, அடியில. 120 உப்புத்தாள்ல வரியைக் கொன்னுட்டு, வொர்க்‌ஷாப்ல அடிக்கிற பாலியஸ்டர் பட்டி மெலிசா, 220, பிறகு ப்ரைமர் சர்ஃபேசர் ரெண்டு கோட்டு, 400 வாட்டர் பேப்பர். கையால தேய்ங்க. மெஷின் வச்சா சூட்டுல பிஎல்ஏ இழுபடும்.

நவம்பர்ல என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு வெள்ளை பூத்துரும். வேற வழியில்லாம அதையே அடிக்கணும்னா மெதுவா ஆவியாகிற ரிட்டார்டர் தின்னர் கலந்து, மழை விட்ட மத்தியானத்துல, மெலிசா. நான் சொல்லுவேன், 2கே பியூ பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரிதேன்) மேட் ஃபினிஷ்ல அடிங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஸ்பிரே பண்ணா துணி மாஸ்க் ஆகாது. முறையான ஸ்பிரே பூத் இருக்கிற கார் பெயின்ட் கடையிலயே குடுத்து அடிச்சு வாங்கிருங்க. தேஞ்ச ஓரத்துக்கு அலுமினியம் கலர் ஸ்பாஞ்சுல ஒத்தினா போதும், பிடி, ட்ரிகர், மேகசின் வாய் இந்த மூணு இடத்துல மட்டும். எல்லா ஓரத்துலயும் ஒத்துனா பொம்மை ஆயிரும்.

முடிச்சதைக் கார் டேஷ்போர்டுல வச்சிட்டுப் போகாதீங்க. பிஎல்ஏ ஒரே மத்தியானத்துல வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிரும். இன்னொரு பிரதி எடுத்தா பிஇடிஜி பிளாஸ்டிக்குல எடுங்க, 80 டிகிரி வரை தாங்கும், ஆனா மழைக்காலத்துல ஃபிலமென்ட்டை 65 டிகிரியில காய வைக்காம போட்டா நூல் நூலா வரும்.

கடைசியா ஒண்ணு, முனையில ஆரஞ்சு மூடி ஒண்ணு கழட்டி மாட்டற மாதிரி பண்ணுங்க, ஷாட்டுல மட்டும் கழட்டுங்க. முட்டம் பாறை, திற்பரப்புன்னு வெளியிடத்துல ஷூட் பண்ணா அனுமதியும் வேணும், அந்த ஏரியா ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக் குடுத்து நகலைக் கையில வச்சுக்கோங்க. கரையோரத்துல இதைத் தூக்கிட்டு ரெண்டு பேர் ஓடினா யாராவது போலீசுக்குக் கூப்பிடத்தான் செய்வாங்க, தூரத்துலேர்ந்து பாக்கிறவனுக்கு எல்இடியா எதுவான்னு தெரியாது. பஸ்லயோ பைக்லயோ மூடின பெட்டியில, பேட்டரியையும் ஃபியூஸையும் கழட்டிட்டுக் கொண்டு போங்க. திருவனந்தபுரத்துலேர்ந்து ஃபிளைட்டுல போற வேலை வந்தா கையில கொண்டு போற பையில இது ஏறாது. துப்பாக்கியை செக்-இன்ல போட முடியுமான்னு ஏர்லைன்ல முன்கூட்டியே கேளுங்க. லித்தியம் பேக் மட்டும் அதுக்கு மாறா கைப்பையில, ஜேஎஸ்டி வாயில டேப் ஒட்டி.